லண்டனில் அக்காவுக்கு கீமோ: துணைக்குப் போகிறவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒரு சுற்று. அதில் தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் 7 முதல் 14ஆம் நாள் வரைதான் கவனம் வேண்டிய காலம். அந்த நாட்களில் வீட்டில் ஆள் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள்.

தெர்மாமீட்டர் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். சூடு 37.5 அல்லது 38 டிகிரி செல்சியஸ், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கீமோ அட்டையில் எது எழுதியிருக்கிறதோ அதைத் தொட்டாலே அதிலுள்ள 24 மணி நேர எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். காய்ச்சல் இல்லாமல் உடம்பு நடுங்கினாலும் அப்படியே. நம் வீடுகளில் முதலில் ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்பார்கள். அது சூட்டை மட்டும் மறைக்கும். தொற்று ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கும். மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர்.

பழைய சோறு கூடாது. மிஞ்சிய சாதம் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாளுக்குள் ஒரே முறை, ஆவி பறக்கச் சூடாக்கலாம். வாய்ப்புண் வந்தால் ரசத்தில் புளியும் மிளகும் பாதி. குழம்பு மஞ்சளால் கெடுதல் இல்லை. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரையும் ஊர்ச் சூரணமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் மருந்துக் கட்டண விலக்குக்கான எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள். 5 வருடத்துக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது.