தேக்காவை நடந்து பார்க்க

சிங்கப்பூருக்கு முதல்முறை வருகிறீர்களா? ஒரு காலை நேரத்தை, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இருக்கும் தேக்காவுக்கு ஒதுக்குங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பஃபலோ ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தைக்கு எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்; மதியத்துக்கு மேல் மீன்கடைகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருப்பார்கள். திங்கட்கிழமை வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும்.

வெயிலுக்கும் திடீர் மழைக்கும் பயப்படத் தேவையில்லை. கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளின் முன்னால் ‘ஐந்தடி வழி’ என்ற கூரையிட்ட நடைபாதை உண்டு. 1822இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் வந்தது. மல்லிகைச் சரம், பித்தளைக் குத்துவிளக்கு, காய்கறிக் கூடை எல்லாம் அதிலேயே பரப்பியிருப்பார்கள், கொஞ்சம் ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். சாலையைக் கடக்கும்போது மட்டும் நம்மூர் பழக்கம் ஆகாது. பாதசாரிகள் கடக்கும் கடவைக்கு 50 மீட்டருக்குள் குறுக்கே ஓடினால் அபராதம்.

பசித்தால் தேக்கா உணவங்காடி. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் அதில் உட்காராதீர்கள், யாரோ இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார். எனக்கு இது புரிய இரண்டு முறைப்பு தேவைப்பட்டது. சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், அதுவும் இங்கே சட்டம். பால் இல்லாத தேநீர் வேண்டுமென்றால் ‘தே ஓ’ என்று கேளுங்கள். சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’.