வெள்ளிக்கிழமை மாலை அவசரமும் கேரவன் பயணமும்

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது வேறு. பிரிட்டனில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்கிறார்களே, அந்தச் சின்ன வீடு. வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி, ஏதாவது ஒரு பண்ணை வயலில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவார்கள்.

"இரண்டு நாள்தானே" என்று நினைப்பதுதான் முதல் தவறு. இரண்டு வாரப் பயணத்தில் ஒரு சொதப்பல் நடந்தால் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். வார இறுதிப் பயணத்தில் வெள்ளி இரவு ஒன்று தப்பினால் சனிக்கிழமை பாதி போய்விடும். அதனால் வேலையை வியாழன் இரவே தொடங்கிவிடுங்கள். குறைந்தபட்சம் ஃபிரிட்ஜையாவது வீட்டு மின்சாரத்தில் முன்கூட்டியே குளிரவையுங்கள். கேரவன் ஃபிரிட்ஜ் குளிர மணிக்கணக்கில் ஆகும். வண்டி ஓடும்போது காரிலிருந்து கிடைக்கும் 12 வோல்ட், ஏற்கெனவே இருக்கும் குளிரைக் காப்பாற்றத்தான் போதும்.

எடைக் கணக்கு

கேரவனின் கதவருகே ஒரு சின்னத் தகடு இருக்கும். சாமானோடு சேர்த்து வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். எம்டிபிஎல்எம் என்பார்கள். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. பல வண்டிகளில் அது 150 கிலோ அளவில்தான் இருக்கும். பேட்டரி மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். பந்தல் போன்ற ஆனிங், அதன் கம்பிகள், நாற்காலிகள், கேஸ் சிலிண்டர் என்று சேர்த்துப் பாருங்கள், துணிமணிக்கு இடமே இல்லாமல் போகும். இதற்கு மேல் 40 லிட்டர் தண்ணீர் உருளையை வீட்டிலேயே நிரப்பி ஏற்றுகிறவர்களும் உண்டு. அது மட்டும் 40 கிலோ. போகிற இடத்தில் குழாய் இருக்கும்போது தண்ணீரை ஏன் நூறு மைல் இழுக்க வேண்டும்?

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். கனமானவற்றைத் தரையோடு, சக்கர அச்சுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். கடைசியில் இடம் இல்லை என்று பின்பக்கம் திணித்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் வேகத்தில் வண்டி வால் ஆட்டத் தொடங்கும். காரின் பின்னால் கேரவனை மாட்டுகிற இரும்புப் பந்துதான் டோபால். கேரவனின் முன்முனை அதன் மேல் அழுத்தும் எடையை நோஸ்வெயிட் என்பார்கள். ஏற்றிய எடையில் அது 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,400 கிலோ என்றால் 70 முதல் 98 கிலோ. ஆனால் அந்தப் பந்தைத் தாங்கும் டோபார் கம்பி 75 கிலோதான் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருந்தால், அந்த 75தான் எல்லை. இதை அளக்கத் தனிக் கருவியே கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். கண் மதிப்பு இதில் பலிக்காது.

கார் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் கேரவன் எடை போகக் கூடாது என்பது புதியவர்களுக்கான அறிவுரை, சட்டம் இல்லை. காரின் இழுவை எல்லையைத் தாண்டினால்தான் சட்டப்படி குற்றம். லைசென்ஸில் மட்டும் நிம்மதி உண்டு. 2021 டிசம்பர் 16 முதல், சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரை இழுக்கலாம். தனித் தேர்வு தேவையில்லை. ஆனால் தேர்வு இல்லை என்பதால் பழகவே வேண்டாம் என்று அர்த்தமில்லை.

டயர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கேரவன் வருடத்தில் பெரும்பாலான நாள் நின்றுகொண்டே இருப்பதால் டயர் தேயாது, ஆனால் வயதாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32வது வாரம் செய்தது. ஐந்து வருடம் ஆனதும் மாற்ற யோசிக்க வேண்டும், ஏழைத் தாண்டக் கூடாது. டயரின் மேல்வரிகள் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் சரி.

கொக்கி மாட்டும் நேரம்

இங்கே என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் பயணத்துக்கு முன், உலோகத்தோடு உலோகம் உரசுகிறதே என்று டோபாலில் கிரீஸை நன்றாகத் தடவிவிட்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில் பக்கத்து வண்டிக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டே, "ஸ்டெபிலைசர் இருக்கிற வண்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கொக்கியைத் தூக்கி உள்ளே இருந்த நான்கு தேய்ப்புப் பட்டைகளைக் காட்டினார். நான்கும் கிரீஸில் குளித்துப் பளபளத்தன. அந்தப் பட்டைகள் பந்தை இறுக்கிப் பிடிப்பதால்தான் வண்டி ஆடாமல் வருகிறது. ஸ்டெபிலைசர் உள்ள கொக்கிக்குப் பந்து காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், புது டோபாலாக இருந்தால் மேல்பூச்சைக்கூடச் சுரண்டி எடுக்க வேண்டும். பட்டைகளை மாற்றியே ஆக வேண்டியதாயிற்று.

மாட்டியதும் உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்க, கேரவனின் முன்முனையில் உள்ள சின்ன முன்சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் கொக்கி பிடித்திருக்கிறது. அப்புறம் பிரேக்அவே கேபிள். கேரவன் கழன்றால் அதன் கைபிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி அது. காரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். முன்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாமலும் தரையில் இழுபடாமலும் இருக்க வேண்டும். கூடுதல் கண்ணாடிகளைப் பக்கத்தில்தானே போகிறோம் என்று டிக்கியிலேயே விட்டுவிடாதீர்கள். கேரவன் காரைவிட அகலம் என்றால் அவை கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 தண்டப் புள்ளியும் விழலாம்.

வேக எல்லை, மோட்டார்வேயிலும் நடுவில் பிரிப்பு உள்ள டூயல் கேரேஜ்வேயிலும் மணிக்கு 60 மைல், பிரிப்பில்லாத ஒற்றைச் சாலையில் 50 மைல். மூன்று லேன் அல்லது அதற்கு மேல் உள்ள மோட்டார்வேயில் வலதுகோடி லேன் உங்களுக்கு இல்லை. வண்டி ஆடத் தொடங்கினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், அதைத்தான் அடக்க வேண்டும். வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் ஆபத்து. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடியுங்கள், வேகம் குறையக் குறைய ஆட்டம் தானே அடங்கும்.

பண்ணையைத் தேடி

கிராமத்தில் ஒரு போஸ்ட்கோடு நான்கைந்து பண்ணைகளை அடக்கும். வழிகாட்டும் சாட்நாவ் கருவி உங்களைக் குறுகிய பாதையில் கொண்டுபோய் யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகை முன் நிறுத்திவிட்டு "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லும். அந்த இடத்தில் கேரவனைத் திருப்பவும் முடியாது. தங்குமிடக்காரர் எழுதித் தந்த வழியைத் தாளில் எடுத்துப் போங்கள். பின்னால் எடுக்க வேண்டி வந்தால் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கேரவனின் பின்புறமும் போகும்.

இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் சனி காலை கிளம்புங்கள். பலர் ஏற்றுக்கொள்ளாத அறிவுரை இது, ஆனால் நான் விடாமல் சொல்கிறேன்.

என்ன இருக்கும், என்ன இருக்காது என்று முன்னமே கேட்டுக்கொள்வதும் அவசியம். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் சிஎல் எனப்படும் சிறு இடங்களில் ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகள்தான் நிற்கலாம். உறுப்பினர்களுக்கு மட்டும். பல இடங்களில் ஒரு குழாய், கழிவு சேரும் பெட்டியான டாய்லெட் கேசட்டைக் காலிசெய்ய ஓர் இடம், ஒரு குப்பைத்தொட்டி, அவ்வளவுதான். குளியலறையும் மின்சாரமும் கட்டாயம் இருக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம் உங்களுடையதே.

நிறுத்தும் வரிசையும் உண்டு. பக்கவாட்டுச் சமனை, காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே, தாழ்ந்த சக்கரத்தைச் சாய்வுக் கட்டையில் ஏற்றிச் சரிசெய்ய வேண்டும். கழற்றிய பிறகு முன்சக்கரத்தால் முன்பின் சமன். கடைசியில்தான் நான்கு மூலைக் கால்கள். அவை ஜாக்கி இல்லை. அவற்றால் வண்டியைத் தூக்கப் பார்த்தால் அடித்தளமே வளையும். ஆட்டத்தை நிறுத்தும் அளவுக்கு மண்ணில் பதிந்தால் போதும். பக்கத்து வண்டிக்கு 6 மீட்டர் இடைவெளி விடுவது தீ பரவாமல் இருக்க. தனிமைக்காக என்று நினைத்து, நண்பர்கள் என்றால் ஒட்டி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

மின் இணைப்பு 10 ஆம்ப் என்றால் சுமார் 2,300 வாட்தான். 2 கிலோவாட் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக் கெட்டிலையும் போட்டால் கம்பத்தில் இருக்கும் டிரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரம் போய்விடும். சனி காலை ஏழு மணிக்கு விவசாயியின் கதவைத் தட்டி "மன்னிக்கணும்" என்று நிற்கும் கூச்சம் எனக்குத் தெரியும். சின்ன கேரவன் கெட்டில் ஒன்று வாங்கிவிட்டோம். தேநீருக்குக் காத்திருக்க வேண்டும், பரவாயில்லை. கேபிளைச் சுருளோடு விடாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருண்ட கேபிள் சூடேறி உருகும்.

கேஸில் நீல சிலிண்டரில் வருவது பியூட்டேன். குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கினாலே ஆவியாக மறுக்கும். வசந்தத்தில் வயல்வெளி இரவுகள் அந்தக் குளிரைத் தொடக்கூடும், சிவப்பு சிலிண்டர் புரொப்பேனே நல்லது. ஒன்றை மட்டும் சற்று உரக்கவே சொல்கிறேன். மழை வந்தது என்று பார்பிக்யூ அடுப்பை ஆனிங்குக்குள்ளோ கேரவனுக்குள்ளோ கொண்டுவராதீர்கள். அணைந்ததுபோல் கிடக்கும் கரியும் கார்பன் மோனாக்ஸைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வாசனையும் இல்லை. உயிர்கள் போயிருக்கின்றன. குளிர் வருகிறதென்று தரையிலுள்ள காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பதும் இதே ரகம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கிறதா, பேட்டரி ஓடுகிறதா என்று வியாழன் இரவே பாருங்கள்.

கழிவுநீரை வேலியோரம் ஊற்றாதீர்கள். டாய்லெட் கேசட்டை அதற்கென்று காட்டிய இடத்தில் மட்டும் கொட்டுங்கள். பண்ணையின் செப்டிக் டேங்கில் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன, கேசட்டில் ஊற்றும் நீலத் திரவத்தின் ரசாயனம் அவற்றைக் கொன்றுவிடும். அதனால்தான் பல இடங்களில் பச்சைத் திரவம் கேட்கிறார்கள். திறந்திருந்த கேட் திறந்தே, மூடியிருந்தது மூடியே இருக்கட்டும்.

ஞாயிறு கிளம்பும்போது புல் ஈரமாக இருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழன்று பள்ளம்தான் ஆழமாகும். மெதுவாக, சக்கரத்துக்கு முன்னால் பாய் போட்டு எடுங்கள். முடியாவிட்டால் விவசாயியைக் கூப்பிடுங்கள், டிராக்டர் இருக்கும். அதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூரை ஜன்னல், படி, மூலைக் கால்கள், கேஸ் வால்வு, மின் கேபிள். ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் பார்க்கட்டும், சண்டை வந்தாலும் சரி.

ஆனிங்கை ஈரத்தோடு மடித்திருந்தால் வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று பையிலேயே விட்டு, திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் இன்னும் அதில் இருக்கின்றன.