எடைக் குறைப்பு சர்ஜரிக்கு நீங்கள் தகுதியா? செருப்பைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்

கல்யாண பயோடேட்டாவில் என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். ஆஸ்பத்திரியில் செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்தால் 158 செ.மீ.தான், அதாவது ஐந்தடி இரண்டு. அம்மா கூட்டிப்போட்ட அந்த இரண்டு அங்குலத்தை இருபது வருஷமாக நானும் நம்பியிருக்கிறேன்.

சர்ஜரிக்குத் தகுதி பார்ப்பது பி.எம்.ஐ. என்ற எண்ணை வைத்து, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு. கணக்கு இதுதான்: எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். என் எடை 98 கிலோ. சரியான உயரத்துக்கு பி.எம்.ஐ. 39, பயோடேட்டா உயரத்துக்கு 37. அதனால் முதலில் டேப்பை எடுங்கள்.

நம் நாட்டு டாக்டர்கள் பொதுவாக 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சர்ஜரிக்குப் பரிசீலிக்கிறார்கள். சுகர், பி.பி. போன்றவை இருந்தால் 30 போதும். நமக்கு எடை குறைவாக இருக்கும்போதே தொப்பையும் சுகரும் வந்துவிடுவதால்தான் இந்தச் சலுகை. இன்னும் சிலர் சொல்லும் 40 என்ற எண் 1991-இல் அமெரிக்காவில் வகுத்தது. 2022-இல் அதைத் தளர்த்திவிட்டார்கள்.

ஆனால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அந்த 40 இன்னும் உயிரோடு இருக்கிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40, இல்லையென்றால் 35-உடன் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத டைப் 2 சுகர் என ஏதாவது ஒன்று. மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையவில்லை என்றும் காட்ட வேண்டும். என் ஃபைல் ஒருமுறை திரும்பி வந்தது. காரணம், அதில் 'சுகர் உள்ளது' என்று மட்டும் எழுதியிருந்தது. டாக்டர் அதை 'மருந்து எடுத்தும் கட்டுப்படவில்லை' என்று மாற்றி எழுதி, மூன்று ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) ரிப்போர்ட்டையும் சேர்த்த பிறகுதான் நகர்ந்தது. டயட்டீஷியன் ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் தைராய்டு டெஸ்ட், எண்டோஸ்கோப்பி, மனநல ஆலோசனை எல்லாம் வழக்கமாக இருக்கும். நெஞ்செரிச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழாய்போல் சுருக்குவது) செய்தால் அது கூடலாம், இரைப்பை பைபாஸ் (சிறு பையாக்கிய இரைப்பையை நேரே சிறுகுடலோடு இணைப்பது) பொருத்தமாக இருக்கலாம். சிகரெட்டை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் ஆபரேஷனுக்குப் பின் ஒன்றரை வருஷம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

அப்புறம், குறட்டை. என் குறட்டைக்குப் பயந்து வீட்டுக்காரர் ஹாலில் படுப்பதை நான் சொல்லவே இல்லை, வெட்கம். அவர்தான் டாக்டரிடம் போட்டு உடைத்தார். தூக்க மூச்சுத்திணறல் இருக்கிறதா என்று பார்க்க, அன்றே தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.