இழுவிசைச் சோதனை: எண்களைக் கணினி மாதிரியில் ஏற்றுவதற்கு முன்

கம்பியை அறும்வரை இழுத்துப் பார்க்கும் சோதனை இது. எஃகின் யங் குணகம் (தொடக்கத்தில் தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள விகிதம்) ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல் என்று தெரிந்திருந்தும், தாம் வரைந்த தகைவு-திரிபு (பரப்பலகுக்கான விசை, நீளத்துக்கான நீட்சி) வரைபடத்தில் 22 வருவதைக் கண்டு சோதனை இயந்திரத்தையே பழுதென்று சொல்லும் மாணவர்கள் உண்டு. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. திரிபை அளந்த இடம்தான் தவறு.

250 மெகாபாஸ்கலில் யீல்டு ஆகும் (நிலையாக உருமாறத் தொடங்கும்) மென்னெஃகில் 50 மில்லிமீட்டர் கேஜ் நீளம் (நீட்சியை அளக்கக் குறித்துக்கொள்ளும் நீளம்), யீல்டு ஆகும் தறுவாயில் வெறும் 0.0625 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். அதற்குள் பிடிதாடைகள் கம்பியைக் கவ்வி அமர்வதிலும் இயந்திரச் சட்டம் வளைந்து கொடுப்பதிலும் நகரும் குறுக்குத்தண்டு அரை மில்லிமீட்டர் கூடுதலாக நகர்ந்துவிட்டால், மொத்த நகர்வைக் கேஜ் நீளத்தால் வகுத்த திரிபிலிருந்து கிடைக்கும் குணகம் 22 கிகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். ஆகவே சுமையை எடுத்தால் கம்பி பழைய நீளத்துக்கே திரும்பும் மீட்சிப் பகுதிக்கு, கம்பியின் மேலேயே பொருத்தும் நீட்சியளவியான எக்ஸ்டென்சோமீட்டரைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது. வரைபடத்தின் சரிவை, அதாவது குணகத்தை, மட்டும் 200 என்று திருத்திவிட்டு மற்ற புள்ளிகளை அப்படியே விட்டுவைப்பது திருத்தம் ஆகாது.

முறுக்குக் கம்பியின் விட்டத்தை வெர்னியரால் அளப்பது இன்னொரு பழக்கம். 12 மில்லிமீட்டர் கம்பியை வரித்தழும்பின் மேல் வைத்து 13 என்று படித்தால், தகைவு சுமார் 15 விழுக்காடு குறைந்து வெளிவரும். துண்டை எடைபோட்டு, நீளத்தாலும் அடர்த்தியான 7850 கிலோகிராம்/கனமீட்டராலும் வகுத்துப் பரப்பைக் காண்பதே முறை. கேஜ் நீளத்தைச் சொல்லாமல் நீட்சி விழுக்காட்டை மட்டும் எழுதும் அறிக்கையும் பயனற்றது. குறுகிய கேஜ் நீளத்தில் அதே கம்பி கூடுதல் நீட்சி காட்டும்.

கணினி மாதிரியில் நேரும் பிழை இதைவிடக் கண்ணுக்கு மறைவானது. ஆய்வகம் தருவது தொடக்கப் பரப்பால் வகுத்த பொறியியல் தகைவு. பெரிய உருமாற்றத்தைக் கணக்கிடும் முடிவுறு கூறு மென்பொருள்கள் (பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுபவை) பொதுவாகக் கேட்பதோ அந்தந்தக் கணத்துப் பரப்பால் வகுத்த மெய்த் தகைவும், சுமையை எடுத்தாலும் மீளாத நிலைத்திரிபும். பொறியியல் திரிபு 0.20, தகைவு 450 மெகாபாஸ்கல் என்றால், மெய்த் தகைவு 450 × 1.20 = 540, மெய்த் திரிபு ln 1.20 = 0.182, அதிலிருந்து மீட்சிப் பங்கான 0.0027-ஐக் கழித்த பிறகே அட்டவணையில் இடவேண்டும். பலர் இந்தக் கழித்தலை மறந்துவிடுகிறார்கள்.

கம்பி ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கிக் கழுத்து விழத் தொடங்கியதும் இந்தச் சூத்திரங்கள் செல்லாது, ஏனெனில் திரிபு அதற்குப் பின் நீளம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆனால் இறங்குமுகமான அந்தப் பகுதியையும் அப்படியே மாற்றி உள்ளிட்டு, பொருள் மென்மையாகிவிட்டதாக மாதிரிக்குச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு மாதிரியைக் கூறுகளாகப் பிரிக்கும் வலைக்கண்ணைச் சிறிதாக்கும் தோறும் விடை மாறுகிறதே என்று வியக்கிறார்கள். உச்சச் சுமையோடு அட்டவணையை நிறுத்திவிட்டாலும் சிக்கல் தீராது: சில மென்பொருள்கள் கடைசித் தகைவையே மாறிலியாக நீட்டித்துக்கொள்ளும்.

அறுந்த இரு துண்டுகளைக் கழிவுத் தொட்டியில் எறிவதற்கு முன் கழுத்தின் விட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிமீட்டராக இருந்த உருளைக் கம்பி அங்கே 6.5 ஆகியிருந்தால், அவ்விடத்து மெய்த் திரிபு ஏறக்குறைய 0.86. அறுந்த கணத்துச் சுமையும் பதிவாகியிருந்தால், கழுத்துப் பகுதியின் முப்பரிமாணத் தகைவுக்கான திருத்தத்தோடு, வளைகோட்டின் மறுமுனையில் ஊன்றிக்கொள்ள ஒரு புள்ளி கிடைத்துவிடும்.