ஸ்பின் வகுப்பிலிருந்து சாலைக்கு: முதல் மாதம் எப்படி ஓட்டுவது?

ஒன்றிரண்டு வருடமாக ஸ்பின் வகுப்புக்கு, அதாவது ஜிம்மில் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் வகுப்புக்குப் போகிறீர்கள். முக்கால் மணி நேரம் விடாமல் மிதிக்க முடிகிறது. அடுத்து ஒரு சைக்கிள் வாங்கி வெளியே ஓட்ட ஆசை. தாராளமாக இறங்குங்கள். ஸ்பின்னே சாலையிலிருந்து வீட்டுக்குள் போனதுதான். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்துக்காக 1980களில் பயிற்சி எடுத்த ஜானி கோல்ட்பெர்க் என்ற தென்னாப்பிரிக்கர், வீட்டிலேயே மிதிக்க ஒரு வண்டி செய்துகொண்டார். அங்கே தொடங்கியது இது.

நானும் இரண்டு வருடம் ஜிம்மில் மிதித்துவிட்டுத்தான் சென்னை திருவான்மியூரில் சாலைக்கு வந்தேன். காலும் மூச்சும் தயாராக இருந்தன. கண்ணும் கையும் இல்லை. அதனால் முதல் மாதம் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும்தான் பயிற்சி.

படி 1: வண்டி, சீட்

முதல் வண்டிக்கு ஹைப்ரிட் (ரோடு பைக்குக்கும் மவுன்டன் பைக்குக்கும் இடைப்பட்ட சைக்கிள்) போதும். டயர் 35 மில்லிமீட்டர் அகலமாவது இருந்தால் நம் ஊர்ச் சாலைக்கு நல்லது. ஷூவைப் பெடலில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தாலும் ஒரு மாதத்துக்குச் சாதாரண பெடலிலேயே ஓட்டுங்கள். பதற்றத்தில் காலை விடுவிக்கத் தெரியாமல் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவோம்.

பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி காலைத் தரையில் ஊன்ற முடியாது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, இடது காலை ஊன்ற வேண்டும். கிளம்புவதையும் நிற்பதையும் மட்டும் இருபது முறை செய்து பாருங்கள்.

படி 2: காலி மைதானம்

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். இரண்டு காலை வேளை இங்கேயே செலவாகட்டும்.

முதலில் பிரேக். ஸ்பின் வண்டியின் கனமான சக்கரம் நம் காலையும் சேர்த்துச் சுற்றும். அந்தப் பழக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே மிதிக்கத் தோன்றும். வெளியே மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருளும். எந்தக் கைப்பிடி முன் சக்கரத்துக்கு என்று வண்டியைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் அதை மட்டும் வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் எழும்பும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள்.

அடுத்தது கியர். ஸ்பின்னில் மிதிப்பதைக் கடினமாக்கும் குமிழை எப்போது வேண்டுமானாலும் திருகலாம். இங்கே மிதித்துக்கொண்டே இருந்தால்தான் கியர் மாறும். மேம்பாலம் ஏறுவதற்கு முன்பே, சிக்னலில் நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று என்று வகுப்பில் பழகிய வேகம் இங்கேயும் உதவும்.

மூன்றாவது, திரும்பிப் பார்ப்பது. எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். தலையை வலப்பக்கம் திருப்பினால் தோளும் கூடவே திரும்புகிறது. தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பி, வண்டி நேராகச் சாலையின் நடுவுக்குப் போகிறது. மைதானத்தில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டேன். கோட்டின்மேல் ஓட்டியபடி, முழங்கையைத் தளர்த்தி, தாடையைத் தோளில் தொடுவதுபோல் கழுத்தை மட்டும் திருப்பி, பின்னால் நின்ற தம்பி எத்தனை விரல் காட்டுகிறான் என்று சொல்ல வேண்டும். கோடு தப்பாமல் பத்து முறை சரியாகச் சொன்ன பிறகே சாலைக்குப் போனேன்.

படி 3: ஞாயிறு விடியற்காலை

முதல் வாரம் பெசன்ட் நகர்ப் பக்கம் 10 கிலோமீட்டர் போதும். இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஆனால் ஓரத்தை ஒட்டி வேண்டாம். அங்கேதான் மணல், வடிகால் மூடி, திடீரென்று திறக்கும் கார் கதவு எல்லாம் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி ஓட்டினால் பின்னால் வருபவருக்கும் நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். முன்னால் போகும் ஆட்டோ எந்த நொடியும் நிற்கும் என்று நினைத்தே ஓட்டுங்கள்.

வேகத்தடையில் இரண்டு பெடலையும் சமமாக வைத்து, முட்டியை மடக்கி, சீட்டைவிட்டு லேசாக எழுங்கள். வகுப்பில் நின்று மிதிக்கும்போது ஹேண்டில்பாரில் சாய்ந்துகொள்வோமே, அதை இங்கே செய்தால் வண்டி ஆடும். நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்து போங்கள்.

ஹெல்மெட், தண்ணீர், மாற்று டியூப், சின்னப் பம்ப் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

படி 4: ஈசிஆரும் காற்றும்

நான்காவது வாரம் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே முட்டுக்காடு போகலாம். திருவான்மியூரிலிருந்து போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாலை சமதளம்தான், மேடாக வருவது காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே போகும்போது முதுகில் தள்ளும். ‘இன்று நன்றாக ஓட்டுகிறோம்’ என்று தோன்றும். வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் போகும்போதே பாதித் தெம்பை மிச்சம் வையுங்கள். முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் நின்று, தண்ணீர் குடித்து, ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். பிறகு இரண்டு கியர் குறைத்துக்கொண்டு வடக்கே திரும்புங்கள்.