அரபியில் வாயாடிக்கு எத்தனை பெயர்? வேரைப் பிடித்துக் கற்கும் வழி

அரபி கற்கத் தொடங்குபவர்கள் சொற்பட்டியலை உருப்போட்டே களைத்துப்போகிறார்கள். ஒரே பொருளைத் தரும் நாலைந்து சொற்களை வேரோடு பிடுங்கிப் பாருங்கள், மறக்கவே மறக்காது. இன்று ‘வாயாடி’யை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, வாயாடியைக் குறிக்கும் ‘ஸர்ஸார்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ‘ஸ’வுக்கு நாக்கின் நுனி பற்களுக்கு நடுவே வர வேண்டும். நபிமொழியைக் குறிக்கும் ‘ஹதீஸ்’ என்பதன் கடைசி எழுத்தும் இதுவே.

இரண்டாம் படி, சொல்லைப் பாதியாக வெட்டுங்கள். ‘ஸர்ர்’ கிடைக்கும், நீர்வளம் மிக்கது என்று பொருள். பொங்கிப் பெருகும் ஊற்று ‘ஐன் ஸர்ரா’. நீர் பெருகுவதுபோல் பேச்சுப் பெருகினால் ஸர்ஸார். பாக்தாத்துக்கு வடமேற்கே டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் பெரிய ஏரிக்கும் இதே பெயர்தான். நம் ஓடையும் சளசளக்கிறது, வாயும் சளசளக்கிறது அல்லவா! வாயாடிக்கு இன்னும் இரு பெயர்கள் உண்டு. ‘பக்பாக்’ என்ற சொல்லிலும் குடத்து நீர் குமிழியிடும் ஓசை இருக்கிறது. ‘லக்லாக்’ மட்டும் நீரை விட்டுப் பறவையிடம் போகிறது: அலகைத் தட்டி ஓசை எழுப்பும் நாரைக்குப் பெயர் ‘லக்லக்’.

மூன்றாம் படி, அச்சைப் பாருங்கள், அதாவது வேரெழுத்துகளை வார்த்தெடுக்கும் சொல்வடிவத்தை. ‘கஸ்ரா’ என்றால் மிகுதி. அதன் வேரெழுத்துகளான க, ஸ, ர மூன்றுக்கும் முன்னால் ‘மி’ சேர்த்து, கடைசி எழுத்துக்கு முன் ‘ஆ’ என்று நீட்டினால் ‘மிக்ஸார்’, அளவின்றிப் பேசுபவன். வெற்றுப்பேச்சைக் குறிக்கும் ‘ஹதர்’ இதே அச்சில் ‘மிஹ்தார்’ ஆகும். ஆனால் கவனம்: இந்த அச்சு கருவிப்பெயர்களுக்கும் உண்டு. ‘மிஃப்தாஹ்’ என்பது சாவி.

மிக்ஸாரைப் பற்றிய பழைய அரபிப் பழமொழி எனக்கு மிகவும் பிடித்தது: அதிகம் பேசுபவன் இரவில் விறகு பொறுக்குபவனைப் போன்றவன். இருட்டில் கை துழாவுகிறது. சுள்ளி என்று நினைத்துப் பாம்பையும் சேர்த்துக் கட்டிவிடுவான். எதைச் சொல்கிறோம் என்று பாராமல் பேசும் வாயை இதைவிட நெருக்கமாக யார் காட்ட முடியும்?

கடைசிப் படி, அகராதி. திர்மிதி என்ற அறிஞரின் நபிமொழித் தொகுப்பிலுள்ள ஒரு ஹதீஸில் ஸர்ஸாரோடு இன்னும் இருவர் வருகிறார்கள். ‘முதஷத்திக்’ என்பவன் ‘ஷித்க்’, அதாவது கடைவாயைக் கோணிப் பகட்டாகப் பேசுபவன். மற்றவன் ‘முதஃபைஹிக்’. பல அரபி அகராதிகள் வேர் வரிசையில் அமைந்தவை என்பதால் இதை ‘மு’வில் தேடாதீர்கள். ஒட்டுகளை உதிர்த்துவிட்டு ஃப, ஹ, க என்ற மூன்றின் கீழ் பாருங்கள். விளிம்புவரை நிறைந்து வழியும் பாத்திரம் அங்கே இருக்கும். அதைப்போல் வாய் நிறைந்து வழியப் பேசுபவன்தான் முதஃபைஹிக்.