செர்ரி பார்ப் கூட்டத்துக்கு ஒரு செடித் தொட்டி: தொடக்கத்திலிருந்து செய்முறை

முதன்முதலாக மீன் தொட்டி வாங்குகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாவற்றிலும் ஒரு ஜோடி கொடுங்கள்." நானும் அப்படித்தான் கேட்டேன். ஆறு வகை, பன்னிரண்டு மீன்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்று மாலையே அவற்றை விட்டுவிட்டேன். பத்து நாளில் நான்குதான் மிஞ்சின. அந்த நான்கும் வடிகட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, நிறம் வெளுத்துக் கிடந்தன. அந்த மீன்களுக்கு நான் இரண்டு தீங்கு செய்திருந்தேன்: தண்ணீர் பக்குவப்படும் முன்பே விட்டது ஒன்று, கூட்டத்தில் வாழும் உயிரைக் கூட்டத்திலிருந்து பிரித்தது இன்னொன்று. இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிறிய மீனுக்குக் கூட்டம்தான் பாதுகாப்பு. பக்கத்து மீனின் அசைவைக் கண்ணாலும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வு உறுப்பாலும் அறிந்துகொள்கிறது. கூட்டம் இல்லையென்றால் ஒளிந்துகொள்ளும், சரியாகத் தின்னாது. எனவே ஒரே வகையில் பத்து மீன்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எட்டுக்குக் கீழே போக வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், மரநிழல் விழும் ஆழமில்லாத ஓடைகளில், உதிர்ந்த இலைகளுக்கு மேலே மேய்ந்து வாழும் மீன் இது. உலகில் வேறெங்கும் இயற்கையாகத் தோன்றியதில்லை. 1929இல் பி. இ. பி. தெரணியகல இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை என்பதால் ஓரளவு கடினமான தண்ணீரையும் தாங்கும்.

1. தொட்டியும் இடமும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடிக்குச் சற்று மேல் உயரம். சுமார் ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதைவிடச் சிறிய தொட்டி எளிது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய அது விரைவாகக் கெடும். கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ வரும். அதைத் தாங்கும் சமதளமான மேசை வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை விரியுங்கள். நேர்வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். மேலே மூடி கட்டாயம்.

2. மணலும் செடியும்

நன்றாகக் கழுவிய ஆற்றுச் சரளை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனில், ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். கல்லின் மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அது தண்ணீரை மெல்ல மெல்லக் கடினமாக்கிவிடும். பளிங்குச் சில்லும் கிளிஞ்சலும் இதே காரணத்தால் ஆகாது.

செடிகளில் கிரிப்டோகோரைன் வென்டியை முதலில் வையுங்கள். அதுவும் இலங்கை ஓடைகளைச் சேர்ந்ததுதான். மீனும் செடியும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. நட்ட முதல் வாரங்களில் அதன் இலைகள் கரைந்து அழுகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், புது இலை வரும். பின்புறம் வாலிஸ்னேரியாவை வரிசையாக நடலாம். ஜாவா பெரணியையும் அனுபியாஸையும் மட்டும் மணலில் புதைக்கக் கூடாது. அவற்றின் கிடைத்தண்டு புதைந்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். ஒரு கைப்பிடி ஜாவா பாசியும் போடுங்கள்.

நடுவில் மட்டும் நீந்துவதற்குத் திறந்த வெளி விடுங்கள். விளக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தால் வளர்வது செடியல்ல, பச்சைப்பாசி.

3. தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் அது போய்விடும். ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் அப்படி ஓரிரு நாளில் போகாது என்பதால், குளோரின் நீக்கும் மருந்தைச் சில சொட்டு விட்டுவிடுவதே நல்லது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பு உண்டு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். முந்நூறுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐந்நூறைத் தாண்டினால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதில்தான் உப்பு மொத்தமும் இருக்கிறது.

4. காத்திருப்பு

எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் படி இது. மீன்கள் சாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அது செவுளை எரிக்கும் நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, மீனுக்குப் பெரிய தொல்லை தராத நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஏர் பம்பால் ஓடும் பஞ்சு வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் மணலிலும் படிந்து வளர்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

செய்ய வேண்டியது எளிது. ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பரிசோதனைச் சொட்டு மருந்தால் அளந்து குறித்து வையுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நெடுநாளாக ஆரோக்கியமாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டிக்குள் பிழிந்துவிடச் சொல்லுங்கள். காத்திருக்கும் காலம் குறையும்.

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

5. மீன் வாங்குவது

சென்னையில் இருப்பவர்களுக்கு வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் இருக்கிறது. கடை கடையாக நின்று பார்த்து வாங்கலாம். எந்தக் கடையானாலும் உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்கிற மீன்தான் வேண்டும். வயிறு ஒட்டியிருந்தாலோ, உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தாலோ, அன்று வாங்காமல் திரும்பிவிடுங்கள். ஆண் மீன் சிவந்திருக்கும். பெண் சற்றுப் பருத்து, வெளிர்பழுப்பாக இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் எடுத்தால் ஆண்களின் துரத்தல் ஒரே பெண்மேல் விழாது. முதலில் ஐந்து, இரண்டு வாரம் கழித்து இன்னும் ஐந்து.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மீன்களை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

ஒரு மாதம் நலமாகப் போனால், மேல்தட்டில் நீந்த எட்டு ஹார்லிக்வின் ரஸ்போரா சேர்க்கலாம். ஏஞ்சல் மீன் வேண்டாம், வளர்ந்ததும் சிறிய மீன்களை விழுங்கும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். தங்கமீன் செடியைத் தின்னும், கழிவும் மிக அதிகம்.

6. வாராவாரம்

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி, நாளுக்கு இரண்டு வேளை. வாய் சிறியது, நுணுக்கிப் போடுங்கள். வாரம் ஒரு நாள் பட்டினி போட்டால் நல்லதுதான். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை சிஃபான் குழாயால் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் அலசினால், ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிடும்.

செர்ரி பார்ப்புக்கு 23 முதல் 27 டிகிரி உகந்தது. நம் ஊர்க் கோடையில் தண்ணீர் முப்பதைத் தாண்டும். சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் காற்றடிக்கும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது மட்டும் மூடிக்குப் பதிலாக வலை போடுங்கள். ஆவியாகிக் குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. மின்வெட்டுக்காக பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

குஞ்சுகள் பெருகினால் நண்பருக்கோ கடைக்கோ கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். தொட்டிகளில் இருந்து வெளியேறிய சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களுக்குத் துன்பம் தருகிறது.

இன்னொன்று. கூட்டம் எப்போதும் ஒட்டியே நீந்தாததைப் பார்த்துக் கலங்க வேண்டாம். செர்ரி பார்ப் அச்சம் வந்தால் நெருங்கும், அச்சம் நீங்கினால் செடிகளுக்கிடையே பரவி மேயும். இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் நிறம் மங்கி, அசையாமல் நிற்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள், தூங்குகின்றன. காலையில் விளக்கேற்றிச் சிறிது நேரம் பொறுத்திருங்கள், சிவப்பு திரும்பி வரும்.